மண் படகும் மறுப்புச் சொன்னவரும்

நம் பாட்டனுக்குப் பாட்டன் பிறப்பதற்கும் முன்னே, வெண்ணாற்றங்கரை நாட்டை மல்லகண்டன் என்ற ராஜா ஆண்டான். நல்லவன்தான், புகழ்ந்தால் மட்டும் மயங்கிவிடுவான்.

அவனுடைய மந்திரி செங்கோடர். அவர் எதைச் சொன்னாலும் சபையில் எழுந்து மறுப்பவர் பூவணர். காரசாரமாக மோதுவார்கள். ஆனாலும் ஒருவரை ஒருவர் "ஐயா" என்றுதான் அழைப்பார்கள்.

பூவணரின் ஆசனத்தின் மேல் கச்சிராயன் என்ற பிரபுவுக்கு ஒரு கண். "மந்திரியை மறுக்கிறவன் மன்னரையே மறுக்கிறான்" என்று ராஜாவின் காதில் ஓதினான். ராஜா உடனே பூவணரை நாடு கடத்திவிட்டான்.

செங்கோடர் பதறிப்போய், "அவரைத் திரும்ப அழையுங்கள், அரசே!" என்று கெஞ்சினார்.

"உமக்குத் தொல்லை விட்டதென்று சந்தோஷப்படும்!" என்றான் ராஜா.

செங்கோடர் சிறிது யோசித்தார். "அப்படியானால் ஒரு திட்டம் சொல்கிறேன். ஆற்றுத் திருவிழாவில் தாங்கள் பவனி வர, பச்சை மண்ணில் ஒரு படகு செய்வோம்."

"மண் கரையாதா?"

"சபையைக் கேளுங்கள்."

"அபாரம்!" என்று முதலில் எழுந்தவன் கச்சிராயன். "மன்னர் ஏறினால் ஆறுதான் வெட்கத்தில் கரையும்!" சபை முழுக்கக் கைதட்டியது. ராஜாவுக்கு உச்சி குளிர்ந்தது.

திருவிழாவன்று, தங்கப் பூச்சு மினுமினுக்க, மண் படகு கரையில் காத்திருந்தது. ராஜா காலைத் தூக்கினான். செங்கோடர் குறுக்கே வந்து நின்றார்.

"முதலில் கச்சிராயர் ஏறட்டும், அரசே."

கச்சிராயனுக்கு முகம் வெளுத்தது. "எனக்கு... எனக்கு நீச்சல் தெரியாதே!"

"படகில் போக நீச்சல் எதற்கு?" ராஜாவின் குரல் மாறியது. "மூழ்கும் என்று தெரிந்தேதானா என்னை ஏறச் சொன்னாய்?"

கச்சிராயன் தலைகுனிந்தான். செங்கோடர் படகை ஆற்றில் தள்ளச் சொன்னார். நாலு அலை அடிப்பதற்குள் படகு சேறாகிவிட்டது.

"பூவணர் இருந்திருந்தால், நான் வாய் திறந்த அன்றே என்னைத் தடுத்திருப்பார்" என்றார் செங்கோடர். "என்னைத் தடுக்க ஆள் இல்லாத சபையில், தங்களைக் காக்கவும் ஆள் இல்லை."

ராஜா அங்கேயே கச்சிராயனின் பட்டத்தைப் பறித்தான். பல்லக்குடன் தானே போய்ப் பூவணரிடம் மன்னிப்புக் கேட்டு அழைத்து வந்தான்.

சபைக்குள் நுழைந்த பூவணர் நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டுச் சீறினார். "என்ன வேலை செய்தீர், ஐயா! மன்னர் கால் வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? இதை நான் வன்மையாகக் கண்டிக்கிறேன்!"

செங்கோடர் எழுந்து, பூவணரின் ஆசனத்தைத் தம் மேல்துண்டால் துடைத்தார்.

"நியாயம்தான், ஐயா. உட்கார்ந்து கண்டியுங்கள்."