டெம்போவுக்குப் பின்னால்

"தலைவண்டிக்காரனைக் கேட்டால்..." என்று, வரிசையில் முதல் மாட்டுவண்டியை ஓட்டுகிறவனைப் பற்றித் தொடங்கும் ஒரு சொலவடை. சபாபதியின் பெரியப்பா ஊர்க்கூட்டத்தில் பேச எழுந்தால் அதைச் சொல்லாமல் உட்கார மாட்டார். கேட்டால் அவன் என்ன சொல்வான் என்பது சபாபதிக்கு மறந்துபோயிருந்தது. இருபத்தோரு வருடம் வெளிநாட்டில் கழித்து வந்தவனுக்கு அரைச் சொலவடை மிஞ்சியதே பெரிது.

அங்கே அவன் பந்தயக் கார்களுக்குக் காற்றுக் கணக்குப் போட்டவன். இங்கே கோயம்புத்தூரில், நாற்பத்தெட்டு வயதில், சுகந்தாமணியின் ஃபைபர் பட்டறையில் சீடன். கம்ப்யூட்டரில் வளைக்கத் தெரிந்ததைக் கையால் வார்க்கத் தெரியாது என்று ஒப்புக்கொண்டு வந்து சேர்ந்திருந்தான். அவளுக்கு முப்பத்தாறு. பட்டறையில் எல்லோருக்கும் மேஸ்திரியம்மா.

அன்று காலையிலிருந்து மூன்றாவது முறையாக அவன், ஒரு பந்தய அணிக்காகத் தான் வரைந்த காரின் சைடுபாடுக்கு முன்னால் குந்தியிருந்தான். ஓட்டுகிறவரின் இரண்டு பக்கமும் விலாப்போலப் புடைத்து நிற்கிற கூடு அது. அதன் வாய் வழியே காற்று புகுந்து, உள்ளே ரேடியேட்டரைத் தணித்துவிட்டு, பின்னால் வெளியேற வேண்டும். வாயைப் பெரிதாக்கினால் காற்று காரைப் பிடித்து இழுக்கும். சிறிதாக்கினால் கார் பறக்கும், ஆனால் உள்ளே போகிற காற்று குறையும். அவன் சிறிதாக்கியிருந்தான்.

"இன்னுமா சார் அதையே பாத்துட்டு இருக்கீங்க? பொண்ணு பாக்க வந்த மாதிரி."

"ஒண்ணும் புரிய மாட்டேங்குது, மேஸ்திரியம்மா. கணக்குல சூடு ஏறல. காத்து போற வழி தெரிய கார் மேல நூல் ஒட்டி ஓட்டிப் பாத்தேன், அத்தனை நூலும் வாய்க்குள்ள பதவிசாப் படுக்குது. தனியா இருபது சுத்து ஓட்டினப்பவும் ஒண்ணும் ஆகல. பந்தயத்துல மட்டும் ரெண்டு தடவையும் இன்ஜின் கொதிச்சு நின்னுருச்சு."

"அப்ப?"

"அப்ப பைரவி ஓட்டறதுதான் தப்பா இருக்கணும்."

பைரவி அந்தக் காரை ஓட்டுகிற பெண். அணியின் முதலாளி மறுநாளைக்குள் எழுத்தில் கேட்டிருந்தார்: குற்றம் ஓட்டியதிலா, காரிலா? ஓட்டியதில் என்றால் பைரவி வெளியே. காரில் என்றால், அதை வரைந்த சபாபதி வெளியே. குற்றம் பைரவியுடையது என்று அவன் எழுதிய கடிதம் சட்டைப் பையில் இருந்தது. கையெழுத்து மட்டும்தான் போடவில்லை.

"அந்தப் புள்ள என்னங்க சொல்லுது?"

"'எப்பவும் போலத்தான் சார் ஓட்டினேன்'ங்குது. பொய் சொல்ற மாதிரியும் தெரியல. அதான் குழப்பமே."

சுகந்தாமணி கையில் ஒட்டிய பிசினைத் துடைத்தாள். வாசலில் வார்ப்பு அச்சுகள் ஏற்றிய டெம்போ நின்றது.

"சூலூர் வரைக்கும் போறனுங்க. நீங்க ஸ்கூட்டர எடுத்துட்டு எம் பின்னாடியே வாங்க."

"எதுக்கு?"

"வாங்க. முந்தக் கூடாது. ஒரு கார் நீளத்துக்கு மேல எட்டியும் போகக் கூடாது."

உச்சி வெயில். தார்ப்பாய் போர்த்திய டெம்போ ஒரு சுவர் நகர்வதுபோல முன்னால் போனது. நாற்பதில் போயும் சட்டை உடம்போடு ஒட்டிக் கிடந்தது. மூக்கில் டீசல் புகை. இதற்கும் ரேடியேட்டருக்கும் என்ன சம்பந்தம்? ஆள் குறைவென்று அச்சு இறக்க இழுத்துப் போகிறாளா? கையெழுத்தைப் போட்டுவிட்டே வந்திருக்கலாமோ? யோசிக்க யோசிக்கத் தலைதான் சுற்றியது. பொறுக்காமல் ஒருமுறை வண்டியை ஓரமாக ஒடித்தான். சிலுசிலுவென்று காற்று முகத்தில் அறைந்தது. உடனே டெம்போவின் ஹாரன் அலறியது. மறுபடி பின்னால் வந்து அடங்கினான்.

சூலூரில் டீக்கடையோரம் டெம்போ நின்றது.

"என்னங்க சார், கிணத்துல விழுந்து எந்திரிச்ச மாதிரி இருக்கீங்க?"

"வெந்துட்டேன்."

"நாப்பதுல வந்தமே, காத்து அடிக்கலீங்களா?"

"எங்க அடிச்சுது? வந்த காத்தெல்லாம் நீங்க வாங்கிட்டீங்க. எனக்கு உங்க புகையும் சூடுந்தான்."

"எனக்கு நல்லாத்தான் அடிச்சுது" என்றாள். இரண்டு டீ சொன்னாள்.

"உங்க கணக்குல நம்ம காருக்கு முன்னாடி எத்தன காருங்க போகுது?"

"முன்னாடியா? முன்னாடி ஒண்ணும் போகாது. ஒரு காரைப் போடவே கம்ப்யூட்டர் ரெண்டு நாள் முக்குது."

"நூல் ஒட்டி ஓட்டினீங்களே, அப்ப?"

"அப்பவும் தனியாத்தான்."

"பந்தயத்துல அந்தப் புள்ள எத்தனாவதாப் போயிட்டு இருந்துச்சு?"

"ரெண்டு தடவையும் ஆறாவது."

சுகந்தாமணி டீயை ஒரு மிடறு குடித்தாள்.

"அப்ப நீங்க செஞ்சது மொதல்ல போறவனுக்கு ஒரு காருங்க. அந்தப் புள்ளைக்கு இன்னும் செய்யலீங்க."

சபாபதியின் டீயில் ஆடை படிந்தது. அவன் பையிலிருந்து கடிதத்தை எடுத்தான். பைரவியின் பெயரை அடித்து, அங்கே தன் பெயரை எழுதி, கீழே கையெழுத்துப் போட்டான்.