சேனாபதி மறுக்காத ஒரே கருத்து

கொன்றையூர் மன்னர் சேகரவர்மரிடம் எதையாவது கேட்க வேண்டுமானால், அவர் சாப்பிட்டு முடித்த பிறகு கேட்க வேண்டும். அரண்மனையில் எல்லோருக்கும் இது தெரியும். மருத்துவச்சி கோதைநாச்சிக்குத் தெரியாது. சரியாக அவர் பசித்திருந்த நேரத்தில் வந்து நின்றாள்.

ஊருக்கு மேற்கே, குன்றின் அடியில் ஒரு பழைய கல்மண்டபம் இருந்தது. நானூறு வருஷத்துக்கு முன்னால் தத்துவ ஞானிகள் அங்கே கூடுவார்களாம். உயிர் என்றால் என்ன, உலகம் எங்கிருந்து வந்தது என்று நாள்கணக்கில் வாதாடுவார்களாம். அப்புறம் ஆள் நடமாட்டம் நின்றுபோனது. புதர் மண்டியது, வௌவால் குடியேறியது. கோதைநாச்சியும் ஊரார் முப்பது பேரும் ஓர் அறக்கூட்டம் சேர்த்து, கூலி வாங்காமல் எட்டு மாதம் உழைத்து அந்த இடத்துக்கு உயிர் கொடுத்திருந்தார்கள். சாய்ந்த தூண்களை நிமிர்த்தி, கூரையையும் அடைத்தாயிற்று. இனி மாதம் ஒருநாள் அங்கே ஊர்க்கூட்டம் நடத்த வேண்டும், யார் வேண்டுமானாலும் வந்து பேசலாம், கேட்கலாம். அதற்கு மன்னரின் அனுமதி தேவை.

மன்னர் வாய் திறப்பதற்குள் சேனாபதி மல்லப்பர் முந்திக்கொண்டார். அவருக்கும் அந்த மண்டபத்தின் மேல் ஒரு கண். சுத்தமாகட்டும் என்றுதான் இத்தனை நாள் பொறுத்திருந்தார்.

“அரசே, என் குதிரைகளுக்கு லாயம் போதவில்லை. அந்த மண்டபம் தோதாக இருக்கும். தத்துவம் பேசி யார் என்ன கண்டார்கள்? குதிரையாவது ஓடும்.”

அவைக் கவிராயர் வேலப்பர் ஓரமாக உட்கார்ந்திருந்தார். அவரும் அந்த மண்டபத்துக்காக இரண்டு நாள் கல் சுமந்தவர். இடுப்பு இன்னும் நேராகவில்லை. அங்கே குதிரை கட்டுவதா என்று அவருக்கு வயிறு எரிந்தது.

“அரசே, ஒரு சோதனை வைத்துவிட்டு முடிவு செய்யலாமே” என்றார்.

“தாராளமாக” என்றார் மல்லப்பர். “நாளைக் காலை அதே மண்டபத்தில் உங்கள் ஆட்கள் பேசட்டும். ஒருவர்கூட மறுக்காத ஒரு கருத்தைச் சொல்லிவிட்டால் மண்டபம் உங்களுக்கு. முடியாவிட்டால் எனக்கு. கூடவே, கவிராயர் ஒரு வருஷம் என் லாயத்தில் லத்தி அள்ள வேண்டும்.”

“அப்படியே ஆகட்டும்” என்று சொல்லிவிட்டு மன்னர் சாப்பிடப் போனார்.

மறுநாள் மண்டபம் நிரம்பி வழிந்தது. கோதைநாச்சி பக்கத்து ஊர்களிலிருந்து மூன்று அறிஞர்களை அழைத்து வந்திருந்தாள். முதலில் சமணத் துறவி எழுந்தார்.

“எந்த உயிரையும் கொல்லாமல் இருப்பது நல்லது.”

“மறுக்கிறேன்” என்றார் மல்லப்பர். “உங்களைக் கொசு கடித்ததே இல்லையா?”

அடுத்து பௌத்த பிக்கு. “ஆசையால்தான் துன்பம் வருகிறது.”

“மறுக்கிறேன். எனக்கு மாமியாரால் வருகிறது.”

வீரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மூன்றாவதாக உலகாயதர் எழுந்தார். கண்ணால் கண்டதைத் தவிர வேறெதையும் நம்பாதவர் அவர். “வானம் மேலே இருக்கிறது. எல்லோரும் பார்த்துக்கொள்ளலாம்.”

“மறுக்கிறேன். தலைகீழாகத் தொங்கும் வௌவாலைக் கேளுங்கள், காலுக்குக் கீழே என்று சொல்லும்.”

கோதைநாச்சியின் முகம் சுண்டிப்போனது. எட்டு மாத உழைப்பு லாயமாகப் போகிறதே என்று அவள் கண் கலங்கியதைப் பார்த்ததும் வேலப்பருக்கு இடுப்பு வலி மறந்துபோனது. அவர் மல்லப்பரைத் திரும்பிப் பார்த்தார். மனிதர் மீசையை நீவிக்கொண்டிருந்தார். மூன்று மேதைகளை ஒரே மூச்சில் மடக்கிவிட்ட பூரிப்பு முகத்தில் வழிந்தது.

வேலப்பர் எழுந்தார். “அரசே, கடைசியாக நான் ஒன்று சொல்லலாமா?”

“சொல்லும்.”

“சேனாபதி மல்லப்பர் ஒரு மாபெரும் அறிவாளி.”

மூன்று அறிஞர்களும் கவிராயரை முறைத்தார்கள். வேலப்பர் அவர்களைப் பார்த்து மெல்லக் கண் சிமிட்டினார்.

மன்னர் கேட்டார். “துறவியாரே, உங்களுக்கு மறுப்பு உண்டா?”

சமணத் துறவி தாடையைத் தடவினார். “எதையும் பல கோணத்தில் பார்க்கலாம் என்பது எங்கள் கொள்கை. ஏதோ ஒரு கோணத்தில் அவர் அறிவாளியாகத்தான் இருப்பார். மறுக்கவில்லை.”

“பிக்குவே?”

“உலகில் எதுவும் நிலையில்லை. இந்த நொடியில் அறிவாளி என்றால் இருந்துவிட்டுப் போகட்டும்.”

உலகாயதர்தான் ரொம்ப நேரம் தவித்தார். சேனாபதியை மேலும் கீழும் பார்த்தார், சுற்றிவந்தும் பார்த்தார். “நான் கண்ணால் கண்டதை மட்டும் நம்புகிறவன். இவருடைய அறிவை இதுவரை கண்டதில்லை. ஆனால் தேடிப் பார்க்கக் கொஞ்சம் அவகாசம் வேண்டும். அதுவரை மறுக்க மாட்டேன்.”

ஊராரில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. வீரர்களோ, தங்கள் தலைவர் விஷயமாயிற்றே, விறைப்பாக நின்றார்கள்.

“மல்லப்பரே, நீங்கள்?” என்றார் மன்னர்.

“மறு…” என்று ஆரம்பித்த மல்லப்பர் அப்படியே நிறுத்தினார். மறுத்தால் என்ன அர்த்தம் என்று அப்போதுதான் உறைத்தது. கூட்டத்தைப் பார்த்தார். தன் வீரர்களைப் பார்த்தார். மீசையிலிருந்து கை தானாக இறங்கியது.

“மறுப்பதற்கு… ஒன்றுமில்லை” என்றார்.

மன்னர் அடக்கமாட்டாமல் சிரித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டே, மண்டபம் இனி அறக்கூட்டத்துக்குச் சொந்தம் என்று ஓலையில் முத்திரை வைத்துக் கோதைநாச்சியிடம் கொடுத்தார். தன் தோளிலிருந்த பட்டுச் சால்வையை எடுத்துக் கவிராயருக்குப் போர்த்தினார். போர்த்தும்போது அவர் காதோடு கேட்டார்.

“உண்மையைச் சொல்லும். மல்லப்பர் அறிவாளி என்று நீர் நிஜமாகவே நம்புகிறீரா?”

“அவசரப்படாதீர்கள், அரசே” என்றார் வேலப்பர். “அடுத்த மாதக் கூட்டத்தில் அதுதான் விவாதத் தலைப்பு.”