வாட்டம் பார்த்துத் தண்ணீர்

"அம்மா, பொண்டாட்டியை விட்டுட்டு இங்க வந்தது சரியா, தப்பா? அதை மட்டும் சொல்லுங்க. சரின்னா இங்கயே இருந்துடறேன். தப்புன்னா திரும்பிப் போயிடறேன்."

கேட்டவர் செவுகன். நாற்பது வருஷம் கொத்தனார் வேலை. மகளைக் கட்டிக்கொடுத்த கையோடு மடத்துக்கு வந்துவிட்டார்.

மடத்துத் தலைவி நிறைமதி அம்மா அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். பேச்சில் மகா கஞ்சம்.

"கொல்லையில பூசணி போட்டிருக்கு. வாட்டம் பாத்துத் தண்ணி விடுங்க," என்றார்.

அவ்வளவுதான். எழுந்து போய்விட்டார்.

சித்திரை மாதம். வெயில் மண்டையைப் பிளந்தது.

கொத்தனாருக்கு வாட்டம் என்றால் தண்ணீர் வடிகிற சரிவுதான், வேறென்ன தோன்றும்? ரசமட்டம் வைத்தார். நூல் பிடித்தார். மூன்று நாள் மண்ணை வெட்டிக் கொட்டி, ஒரு மூலையில் விட்ட தண்ணீர் மறு மூலைக்குத் தானாக ஓடுகிற மாதிரி பாத்தியைச் சரித்தார்.

தண்ணீர் ஓடியது ஐயா, என்னமாய் ஓடியது! ஒரு வேரிலும் நிற்காமல் ஓடி வேலியோரம் தேங்கியது. கொடி காயத் தொடங்கியது.

"சரிவை யாருங்க கேட்டா? இலை வாடுதான்னு பாக்கச் சொன்னேன்," என்றார் அம்மா.

"அட, அந்த வாட்டமா!"

மேடுபள்ளத்தைச் சமமாக்கினார். அன்றிலிருந்து இலை தொங்கினால் போதும், குடத்தைத் தூக்கிவிடுவார். இலையோ தினமும் உச்சிப்பொழுதில் தொங்கியது. தினமும் ஊற்றினார். பத்தே நாளில் இலை பழுத்து, வேர் அழுகி நாறியது. பாதிக் கொடி போச்சு.

அவருக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது.

"ஊத்தலேன்னாலும் சாகுது, ஊத்தினாலும் சாகுது. வாட்டம் பாருன்னீங்க, பாத்தேன். ஒண்ணுமே புரியலம்மா. நான் கேட்டது என்ன, நீங்க குடுத்தது என்ன?"

அம்மா மீதிக் கொடியருகே குந்தினார்.

"உச்சி வெயில்ல எந்த இலையும் தொங்கும். பொழுது சாஞ்சா தானா நிமிந்துக்கும். அதுக்கு ஊத்தக் கூடாது. ராத்திரிக் குளிர்ச்சி பட்டும் விடியக்காலையில தொங்கிட்டிருந்தா, அதுதான் தாகம்."

"இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே!"

"சொல்லியிருந்தா பூசணி மட்டும்தான் பிழைச்சிருக்கும்."

அம்மா அவர் பக்கம் திரும்பினார்.

"நீங்க கிளம்பறப்ப வீட்டுல அவங்க முகம் எப்படி இருந்துச்சு?"

"வாடித்தான் இருந்துச்சு. அது கெடக்கும்மா. சண்டை வந்தா மூஞ்சியைத் தூக்கி வெச்சுப்பா, சாயங்காலம் சரியாயிடுவா."

"அன்னிக்குச் சண்டையா?"

"சண்டையெல்லாம் இல்ல. விடியக்காலை. அப்பத்தான் தூங்கி எழுந்து வாசல் தெளிச்சுக்கிட்டு..."

செவுகன் கொடியின் இலையைப் பார்த்தார்.



செவுகன் சேற்றுக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, செருப்பை எங்கே விட்டோம் என்று தேட ஆரம்பித்தார்.