கத்தாத மோட்டார்

அன்று அஞ்சப்பன் காவி வாங்கும் நாள்.

முத்துப்பேட்டைக் காயலுக்குள், அலையாத்தி மரங்கள் சூழ்ந்த ஒரு திட்டில் அந்த மடம் இருந்தது. கரைக்கும் திட்டுக்கும் இடையே ஒரே படகு. அதன் பின்பக்கம் மாட்டியிருந்த சிறிய மோட்டாரை ஓட்டுவதும் பேணுவதும் அஞ்சப்பனின் வேலை. முன்பு கடலில் படகு ஓட்டியவன். மகன் கதிரேசன் மஞ்சள் காமாலையில் இறந்த பிறகு, மனைவியை அவள் அண்ணன் வீட்டில் விட்டுவிட்டு இங்கே வந்து சேர்ந்தான். அவன் அழுது யாரும் பார்த்ததில்லை. எவ்வளவு பக்குவம் என்று மடத்தில் மெச்சிக்கொண்டார்கள்.

அந்த மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. மனைவி உள்ளவனுக்குக் காவி கொடுப்பதென்றால், அவள் வந்து தன் வாயால் சம்மதம் சொல்ல வேண்டும். அதற்காக அவன் மனைவி சிந்தாமணி அக்கரையில் காத்திருந்தாள்.

மடத்துத் தலைவியை எல்லாரும் அம்மா என்றே அழைத்தார்கள். அவர் படகுத்துறைக்கு வந்தபோது அஞ்சப்பன் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான்.

"அம்மா, ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"சிந்தாமணியை இங்க கூட்டிட்டு வர வேணாம். நீங்க அக்கரைக்கு வாங்க. அங்கேயே சம்மதம் சொல்லட்டும். அப்படியே பஸ் ஏத்தி அனுப்பிடலாம்."

"ஏன்?"

"அழுவாம்மா. எப்பப் பார்த்தாலும் பையன் பேச்சுதான். மடத்து அமைதி கெட்டுப்போகும்."

"உனக்கு?"

"எனக்கு ஒண்ணுமில்லம்மா. உள்ள அலையே கிடையாது. அதனாலதானே காவி கேக்கறேன்."

அம்மா படகில் ஏறிக் குறுக்குப் பலகையில் உட்கார்ந்தார். சந்தைக்குப் போகும் சமையற்காரர் தாண்டவன், காலிச் சாக்குகளோடு முன்பே ஏறி உட்கார்ந்திருந்தார்.

அஞ்சப்பன் சாவியைச் செருகினான்.

"இரு," என்றார் அம்மா. "கரையில இதே மாதிரி மோட்டார் வச்சிருக்கவங்க சாவியைத் திருப்பினா ஒரு சத்தம் வருது. சிவப்பா ஒரு விளக்கும் எரிஞ்சு அணையுது. நம்மதுல ஏன் இல்லை?"

அஞ்சப்பன் சிரித்தான்.

"நான்தாம்மா வயரைப் பிடுங்கி விட்டேன். வந்த புதுசுல, தியான நேரத்துல வீல்னு கத்துச்சு. எல்லாரும் கண்ணைத் திறந்துட்டாங்க. விளக்குக்கும் அதே வயர். அதுவும் சேர்ந்து போயிடுச்சு."

"மௌன விரதம் இருக்கிற மோட்டார் உலகத்துலயே இது ஒண்ணுதாம்மா," என்றார் தாண்டவன். "என் மாமியாருக்கும் அப்படி ஒரு வயர் இருந்திருந்தா நான் ஏன் மடத்துக்கு வரேன்?"

அம்மா மோட்டாரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது எதுக்காகக் கத்துது?"

"ஆயில் குறைஞ்சா கத்தும். சூடு ஏறினா கத்தும். இது ஃபோர் ஸ்ட்ரோக்மா. பழைய மோட்டார் மாதிரி பெட்ரோல்லயே ஆயிலைக் கலந்து ஊத்தறது இல்ல. ஆயில் தனியா உள்ள இருக்கும். அது வத்தினது தெரியாம ஓட்டினா, இரும்போட இரும்பு உரசிப் பிடிச்சுக்கும். அப்புறம் பழைய இரும்புக்குத்தான் போடணும்."

"விளக்கு இல்லாம உனக்கு எப்படித் தெரியும்?"

"ஆயில் அளவுக் கம்பியை உருவிப் பார்ப்பேன். தினமும்."

"இன்னிக்குப் பார்த்தியா?"

"இன்னிக்கு... காவி நினைப்புல விட்டுப்போச்சு."

"நேத்து?"

அஞ்சப்பன் தண்ணீரைப் பார்த்தான்.

"வயரைக் கோர்த்து விடு," என்றார் அம்மா.

அவன் மோட்டாரின் மேல் மூடியைக் கழற்றினான். பிடுங்கிவிட்ட வயரின் முனையில் உப்புக்காற்றில் களிம்பு பச்சையாகப் பூத்திருந்தது. வேட்டி நுனியால் துடைத்தான். வெகு நேரம் துடைக்க வேண்டியிருந்தது. கோர்த்துவிட்டுச் சாவியைத் திருப்பினான்.

மோட்டார் வீலென்று ஒருமுறை கத்தியது. விளக்கு சிவந்து அணைந்தது. அலையாத்திக் கிளையிலிருந்து கொக்குகள் எழுந்து பறந்தன.

"மாமியாரோட அதே குரல்," என்றார் தாண்டவன்.

அஞ்சப்பன் மோட்டாரைக் கிளப்பினான். விளக்கு மறுபடி எரிந்தது. இம்முறை அணையவில்லை. கத்தலும் நிற்கவில்லை. அவன் கை வைக்காமலே மோட்டாரின் வேகம் தானாகத் தளர்ந்தது. சட்டென்று நிறுத்தினான்.

கம்பியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பார்த்தான். நுனியில் மட்டும் கறுப்பாக ஒரு பொட்டு.

"இதை வச்சுக்கிட்டா ஓட்டிட்டு இருந்தேன்?" என்றான். "நல்லாத்தானே ஓடிச்சு. ஒரு முனகல்கூட இல்லையே."

தாண்டவன் இறங்கிப் போய் ஆயில் டப்பாவை எடுத்து வந்தார். அஞ்சப்பன் கொஞ்சம் ஊற்றினான், பார்த்தான். இன்னும் கொஞ்சம் ஊற்றினான், பார்த்தான். பிறகு கிளப்பினான். விளக்கு எரிந்து அணைந்தது. சத்தம் ஒருமுறை எழுந்து ஓய்ந்தது. மோட்டாரின் பக்கவாட்டுத் துளையிலிருந்து, சூட்டைத் தணித்து வந்த தண்ணீர் மெல்லிய நூலாகப் பீச்சிக்கொண்டிருந்தது.

அம்மா எழுந்து துறையில் இறங்கிக்கொண்டார்.

"நீங்க வரலையாம்மா?"

"நான் எதுக்கு? அவளை இங்க கூட்டிட்டு வா."

"அழுவாம்மா."

"ஆமா."

அக்கரையில், கறுப்புக் குடையின் கீழ் ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள். அவ்வளவு தூரத்தில் முகம் தெரியாது. அஞ்சப்பன் பார்த்துக்கொண்டே நின்றான்.

"கதிரேசன் பேரைச் சொல்லித்தான் ஆரம்பிப்பா," என்றான். அந்தப் பெயரை அவன் சொல்லி மடத்தில் யாரும் கேட்டதில்லை. "அப்ப சம்மதத்தை எப்பம்மா கேக்கறது?"

"அவ அழுது முடிச்சப்புறம்," என்றார் அம்மா. "நீயும் முடிச்சப்புறம்."