கடைசி ஆறடி

"டீச்சர், இந்த மூணு கார்டுல எது ஒசத்தின்னு நீங்கதான் சொல்லணும்," என்றார் சென்னியப்பன்.

சொல்லிவிட்டுப் பையிலிருந்து ஆம்ப்ளிஃபையருக்குக் கரண்டு கொடுக்கிற மூன்று பவர் கார்டு வயர்களையும் எடுத்துப் பாயில் நீட்டி வைத்தார். ஒன்று ஆம்ப்ளிஃபையரோடு வந்த மெல்லிய கறுப்புக் கார்டு. இன்னொன்று கட்டைவிரல் தடிமனில் நீலம். மூன்றாவது, வெள்ளிக் கம்பி பின்னிய வெள்ளைக் கார்டு. அது ஜப்பானிலிருந்து தனிப் பெட்டியில், கையுறை சகிதம் வந்தது.

கையுறை எதற்கென்று யாரும் அவரைக் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை.

டீச்சர் என்றால் பள்ளிக்கூட டீச்சர் இல்லை. தமயந்தி சென்னையில் சினிமாப் பாட்டுகளுக்கு ஒலிப்பதிவு செய்துகொண்டிருந்தவர். அதை விட்டுவிட்டுக் கோயம்புத்தூருக்கு வந்து, வடவள்ளியில் ஒரு மாடி அறையில் பாட்டு கேட்கச் சொல்லிக்கொடுக்கிறார். சொல்லிக்கொடுக்கிறார் என்பதுகூட மிகைதான். இசைத்தட்டைப் போடுவார், உட்காருவார், அவ்வளவுதான். வருகிறவர்களில் பாதிப் பேருக்கு அவர் மகள் வயது. இருந்தாலும் ஊரில் ஆளுயர ஸ்பீக்கர் வைத்திருப்பவர்கள் எல்லாம் குழப்பம் வந்தால் அங்கேதான் போய் நிற்பார்கள்.

தமயந்தி மூன்று கார்டுகளையும் பார்த்தார். தொடவில்லை.

"உங்களுக்கு வித்தியாசம் தெரியுதா, சார்?"

"நல்லாத் தெரியுதுங்க. கறுப்புல பாட்டு சுவத்தோட ஒட்டிக்கிட்டு நிக்குது. நீலத்துல முன்னால வருது. வெள்ளையில நாயனக்காரர் மூச்சு இழுக்கறது வரைக்கும் கேக்குதுங்க."

"தெரிஞ்சா சரி. அப்புறம் எதுக்கு இவ்வளவு தூரம் வந்தீங்க?"

"நிரூபிக்கணுமுங்க."

"யாருக்கு?"

"எல்லாத்துக்கும்."

"எல்லாத்துக்குமா?"

"தேவசகாயத்துக்கு," என்றார் சென்னியப்பன்.

தேவசகாயம் மின்வாரியத்தில் என்ஜினீயராக இருந்து ஓய்வு பெற்றவர். சென்னியப்பன் கணபதியில் பட்டறை வைத்து மோட்டார் பம்பு செய்தவர். ஒருவர் கரண்டு அனுப்பினார், மற்றவர் அதை வைத்துப் பிழைத்தார். முப்பது வருஷமாக ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமானால் இரண்டு பேரும் சென்னியப்பன் வீட்டுக் கூடத்தில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து நாகஸ்வரம் கேட்பார்கள். பேச்சு கிடையாது. முடிந்ததும் காப்பி.

வெள்ளைக் கார்டு வந்த ஞாயிற்றுக்கிழமை சென்னியப்பன் இன்னும் சிலரையும் கூட்டி வைத்துப் போட்டுக் காட்டினார். வந்தவர்கள் தலையாட்டினார்கள். தேவசகாயம் ஆட்டவில்லை.

"குந்தா மலை பவர் ஹவுஸிலிருந்து அலுமினியக் கம்பியில காடு மேடெல்லாம் ஏறி எறங்கி வருது கரண்டு. கடைசி ஆறடிக்குப் பட்டு வேட்டி கட்டி விட்டா மாப்பிள்ளை ஆயிருமா?"

எல்லாரும் சிரித்தார்கள். தலையாட்டியவர்களும் சேர்ந்து சிரித்தார்கள். அதுதான் சென்னியப்பனுக்குப் பொறுக்கவில்லை.

"உனக்குக் காது செத்துப்போச்சு. செத்த காதோட இனி என் வீட்டுக்குப் பாட்டு கேக்க வராதே."

தேவசகாயம் காப்பியைக் குடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்து போனார். அப்புறம் வரவில்லை.

அது மாசி மாதம். இப்போது ஆடி. அந்தப் பேரையே வீட்டில் எடுக்கக் கூடாது என்று மனைவி மரகதத்துக்கு உத்தரவு. பக்கத்து நாற்காலியை மட்டும் சென்னியப்பன் எடுத்து உள்ளே போடவில்லை. வேறு யாரையும் அதில் உட்காரவும் விடவில்லை.

இதையெல்லாம் தன் பக்கத்துக்குக் கொஞ்சம் வெள்ளையடித்து டீச்சரிடம் சொல்லி முடித்தார்.

தமயந்தி கார்டுகளைச் சுருட்டி அவர் பையிலேயே போட்டார்.

"கேட்டுட்டு வாங்க."

கேட்பதென்றால் சென்னியப்பனுக்குச் சொல்லித்தான் தர வேண்டுமா?

மறுநாளே ஆரம்பித்துவிட்டார். பிரிட்ஜ் அதே லைனில் இருந்ததால் பிரிட்ஜை நிறுத்தினார். பால் திரிந்தது. மின்விசிறியை நிறுத்தினார். மரகதத்துக்கு வியர்த்தது. மிக்ஸி ஓடினால் கரண்டு கலங்கும் என்று சட்னிக்கும் தடை விழுந்தது. இட்லிக்குப் பொடியைத் தொட்டுக்கொண்டார். வைராக்கியம் என்று வந்துவிட்டால் அவருக்குச் சட்னி ஒரு பொருட்டே இல்லை.

"ஏனுங்க, பொடியும் தீர்ந்துபோச்சு," என்றாள் மரகதம்.

"சக்கரை இருக்குதல்ல?"

கார்டு தரையில் படக் கூடாது என்று எவரோ சொல்லியிருந்தார்கள். சமையலறையிலிருந்து டம்ளர்களை எடுத்து வந்து கவிழ்த்து, அதன்மேல் கார்டைப் படுக்கவைத்தார். மரகதம் சொம்பில் காப்பி குடித்தாள்.

போட்டது ஒரே காம்போதி ஆலாபனைதான். ஆம்ப்ளிஃபையரை அணைப்பார். முழங்கால் போட்டுப் பின்னால் தவழ்ந்து கார்டை மாற்றுவார். எழுந்து வந்து உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வார். பாதியில் எழுந்து மறுபடியும் அணைப்பார். முழங்காலில் தோல் தடித்துப்போனது. அவர் விடவில்லை.

ஒரு நாள் மத்தியானம் நாகஸ்வரம் கூடத்தையே நிறைத்தது. மூச்சு கேட்டது. நாயனத்துச் சீவாளியில் உதடு படுவது கேட்டது. வெள்ளைன்னா வெள்ளைதான் என்று தொடையில் தட்டிக்கொண்டார்.

பின்னால் போய்ப் பார்த்தால் சொருகியிருந்தது கறுப்பு. மாற்றிவிட்டதாக நினைத்து, மாற்றாமலே வந்து உட்கார்ந்திருக்கிறார்.

செத்தது யாருடைய காது என்று சென்னியப்பனுக்குப் பயம் வந்துவிட்டது. அதை மரகதத்திடம்கூடச் சொல்லவில்லை. பையை எடுத்துக்கொண்டு டீச்சர் வீட்டுக்குக் கிளம்பினார்.

"கேட்டீங்களா?" என்றார் தமயந்தி.

"கேட்டேனுங்க. சட்னிகூட இல்லாமக் கேட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"யாருங்க?"

தமயந்தி உள்ளே போய் மோர் கொண்டுவந்து வைத்தார்.

பாதி டம்ளர் குடித்த பிறகுதான் சென்னியப்பனுக்கு உறைத்தது.

"நீங்க கேக்கச் சொன்னது பாட்டை இல்லீங்களா?"

"பாட்டைத்தான் முப்பது வருஷமாக் கேக்கறீங்களே."

"நான் போய் அந்தத் தேவசகாயத்தைக் கேக்கறதா? என்னன்னு கேக்கறது? அது நடக்காதுங்க."

"சரி."

சரி என்று சொன்னவர் டம்ளரில் இன்னும் கொஞ்சம் மோர் ஊற்றினார். சென்னியப்பன் எழுந்து போகவில்லை.

"நான் கண்ணைக் கட்டிக்கறேன், டீச்சர். நீங்க எங்க வீட்டுக்கு வந்து கார்டை மாத்துங்க. இது இன்னதுன்னு நான் சொல்றேன். தப்பாச் சொன்னா ஆம்பு, ஸ்பீக்கர் அத்தனையும் தூக்கிக் குடுத்துட்டு, இனிப் பாட்டே கேக்கறதில்லை."

சொல்லிவிட்டார். சொன்ன பிறகு அவருக்கே பகீரென்றது. ஆனால் சொன்ன வார்த்தையை விழுங்குகிற பழக்கம் அவருக்கு இல்லை.

"நான் மாத்த மாட்டேன்," என்றார் தமயந்தி.

"ஏனுங்க?"

"நீங்க ஜெயிக்கணும்னு எனக்கு ஆசை. என் கை காட்டிக் குடுத்துரும்."

"மருமகப்பிள்ளைய வரச் சொல்றேன்."

"உங்களை எதிர்த்து ஒரு வார்த்தை பேசுவாரா?"

"பேச மாட்டாருங்க. தங்கமானவரு."

"வேண்டாம்."

"அப்ப மரகதம்?"

"அவங்களுக்குச் சட்னி வேணும். நீங்க எதைச் சொன்னாலும் ஆமான்னுருவாங்க."

"பின்ன யாருதானுங்க மாத்தறது?"

"நீங்க தோக்கணும்னு நினைக்கற ஆளா இருக்கணும். அதுக்காகப் பொய் சொல்லத் தெரியாத ஆளாவும் இருக்கணும்."

சென்னியப்பனுக்கு ஊரெல்லாம் பழக்கம். ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தார். அவர் தோற்க வேண்டும் என்று நினைப்பவர்கள் நிறையவே இருந்தார்கள். பொய் சொல்லாதவர்களும் சிலர் இருந்தார்கள். இரண்டும் சேர்ந்த ஆள் ஒருவர்தான்.

நேரில் போய் நிற்க முகம் இல்லை. போன் செய்தார்.

"நான்தான்."

"தெரியுது."

"கார்டு மாத்தறதுக்கு ஒரு ஆள் வேணும். நான் கண்ணைக் கட்டிட்டு உக்காருவேன்."

போனை வைத்துவிட்டானோ என்று சென்னியப்பன் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார்.

"எப்ப?" என்றார் தேவசகாயம்.

"ஞாயித்துக்கெழம."

"சாயங்காலமா?"

"எப்பவும் போல."

"வர்றேன். ஆனா மாத்தறதுக்கு நேரமாகும். அவசரப்படுத்தக் கூடாது."

போனை வைத்ததும் சென்னியப்பன் பொரிந்து தள்ளினார். "கிராக்கியப் பாத்தியா? ஒரு பிளக்கைப் புடுங்கிச் சொருகறதுக்கு நேரமாகுமாம்."

மரகதம் என்னவோ சொல்ல வாயெடுத்தாள். அவர் கையமர்த்திவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை தமயந்தி முன்கூட்டியே வந்தார்.

"அவர் வர்றதுக்கு முன்னாலயே கண்ணைக் கட்டிக்குங்க. முகத்தைப் பார்த்தா உங்களுக்குத் துப்பு கெடைச்சுரும். நான் கேக்கற வரைக்கும் யாரும் பேச வேண்டாம். குரலும் காட்டிக் குடுக்கும்."

சென்னியப்பன் சம்மதித்தார். மரகதம் ஈரிழைத் துண்டை மடித்து அவர் கண்ணைச் சுற்றிக் கட்டினாள். அவர் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார். இன்றைக்கு ஒரு சத்தம் தவறக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டார்.

வாசலில் ஆட்டோ நின்றது. கேட் திறந்தது.

ஒரு காலடி கேட்டது. பிறகு எதுவோ தரையை உரசியது. மறுபடி ஒரு காலடி, மறுபடி உரசல். கூடவே கம்பு ஊன்றுகிற சத்தம்.

இது தேவசகாயம் இல்லை என்று நினைத்தார் சென்னியப்பன். இந்த வயதிலும் படியை இரண்டிரண்டாகத் தாண்டி வருகிற ஆள் அவர். தான் வராமல் வேறு யாரையோ அனுப்பியிருக்கிறான் என்று கோபம் வந்தது.

உரசல் கூடத்தைக் கடந்து ஆம்ப்ளிஃபையருக்குப் பின்னால் போய் நின்றது. வந்தவர் தரையில் உட்காரப் பாடுபட்டார். உட்கார்ந்ததும் தொண்டையைச் செருமினார்.

அந்தச் செருமலைச் சென்னியப்பனுக்குத் தெரியும். ஆலாபனை முடிந்து காப்பி வருவதற்கு முன்னால் முப்பது வருஷமாகப் பக்கத்து நாற்காலியிலிருந்து கேட்ட செருமல்.

பிளக் சுவிட்ச் போர்டில் பட்டது. உள்ளே இறங்கவில்லை. மறுபடி பட்டது. வழுக்கிக்கொண்டு போனது. கார்டு தரையில் விழுந்தது. விழுந்ததைத் தேடி ஒரு கை தரையைத் தடவியது. ஒரே ஒரு கை.

மரகதம் எழுந்து போகிற சேலைச் சத்தம் கேட்டது. கம்பால் தரையில் ஒரு தட்டு விழுந்தது. அவள் திரும்பி வந்துவிட்டாள்.

சென்னியப்பன் நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். ஆயுசு முழுக்கக் கரண்டோடு குடித்தனம் நடத்திய ஆள் ஒரு பிளக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

கடைசியில் பிளக் இறங்கியது. சுவிட்ச் போட்டார்கள். நாகஸ்வரம் ஆரம்பித்தது.

காம்போதி மெல்ல மெல்ல விரிந்தது. சென்னியப்பன் அதில் ஒரு ஸ்வரம்கூடக் கேட்கவில்லை. அதற்குப் பின்னால் ஒருவர் மூச்சு வாங்குவதையே கேட்டுக்கொண்டிருந்தார்.

பாட்டு நின்றது. பிளக்கைப் பிடுங்கும் சத்தம். அடுத்த கார்டு. இந்த முறை இன்னும் அதிக நேரமானது. போதும், விடு என்று சொல்ல அவருக்கு வாய் துடித்தது. பின்னாலிருந்தவர் விடுவதாக இல்லை. முனகினார், நகர்ந்தார், சொருகினார்.

நாகஸ்வரம் மறுபடி ஆரம்பித்து, மறுபடி நின்றது.

"வித்தியாசம் தெரியுதா, சார்?" என்றார் தமயந்தி.

"தெரியுதுங்க."

துண்டு கண்ணோரம் நனைந்திருந்தது. அதை அவிழ்த்துப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

"எப்பப்பா கையும் காலும் விழுந்துச்சு?"

"சித்திரையில," என்றார் தேவசகாயம். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "அத விடு. இப்ப ஓடுனது எந்தக் கார்டு? அதச் சொல்லு."

"எனக்குத் தெரியலப்பா," என்றார் சென்னியப்பன்.