துக்கம் நுழையாத வேலி

முன்னொரு காலத்தில், காக்கைகூட நடுவில் இளைப்பாறிப் போகவேண்டிய தூரத்தில், பவளகிரி என்றொரு நாடு இருந்தது. அந்த நாட்டின் ஓரத்தில், காடு தொடங்கும் இடத்தில், செவ்வந்தி என்பவள் தனியாக இருந்தாள். அவள் புருஷன் மாசிலன் ராஜாவின் கப்பலில் ஏறிப்போய் நாளாகிவிட்டது. அவன் போன பிறகு அவர்களுடைய ஒரே மகள் முத்தரசி காய்ச்சலில் இறந்துபோனாள். நடுக்கடலில் இருக்கிறவனுக்கு யார் போய்ச் சொல்வது?

ஊர்சனம் துக்கம் கேட்க வந்தது. வந்தவர்கள் எல்லோரும் அழுதார்கள். செவ்வந்திக்கு மட்டும் அழுகை வரவில்லை. "பெத்தவ அழலையே!" என்று அவள் வாசலிலேயே நின்று பேசினார்கள். இதற்கு நடுவில் ஊர் ஆடுகள் அவள் கீரைப்பாத்தியை ஒட்ட மேய்ந்துவிட்டன. ஒரு வேலி போட்டால்தான் நிம்மதி என்று அவளுக்குத் தோன்றியது.

தோன்றியதுதான் தாமதம், ஒரு மாயாவி வந்து நின்றான். ஒல்லி என்றால் அப்படி ஒரு ஒல்லி. இடுப்பில் வேட்டி நிற்காமல் கையால் பிடித்திருந்தான். பின்னால் ஒரு வண்டி நிறையக் கருப்புப் பலகைகள்.

"தாயே, இது மந்திரப் பலகை. வீட்டுக்குப் பின்னால முள்ளுக்காடு அடைச்சிருக்கு, மத்த மூணு பக்கமும் நீயே உன் கையால வேலி போடணும். ஒரு பக்கம் முடிஞ்சதும், எது வரக்கூடாதுன்னு சொல்லு. அது வராது."

"உனக்கு என்ன தரணும்?"

"ஒண்ணும் வேண்டாம். வேலிக்கு வெளியே உக்காந்துக்கிறேன், அது போதும்."

சும்மா கொடுக்கிறவனிடம் இன்னும் நாலு கேள்வி கேட்டிருக்கலாம். ஆனால் அவளுக்குப் பேச்சே பிடிக்காத நேரம், பாவம்.

வேலி கோணாமல் இருக்க நூல் பிடிக்கவேண்டும். மறுமுனையைப் பிடிக்க ஆள் இல்லை. அதை ஒரு கல்லில் கட்டினாள். குழி தோண்டினாள், கம்பம் நட்டாள், மண்ணைத் தள்ளி இடித்தாள், பலகை வைத்து ஆணி அடித்தாள். முதல் பக்கம் முடிந்தது. "ஆடு மாடு வரக்கூடாது" என்றாள்.

மறுபடியும் குழி தோண்டினாள், கம்பம் நட்டாள், மண்ணைத் தள்ளி இடித்தாள், பலகை வைத்து ஆணி அடித்தாள். "வம்பு வரக்கூடாது" என்றாள்.

முன்பக்கத்திலும் தோண்டினாள், நட்டாள், இடித்தாள், அடித்தாள். ஆள் போகவர வழியும் விட்டாள். கை கொப்பளித்து எரிந்தது. "துக்கம் வரக்கூடாது" என்றாள். பலகைகள் எல்லாம் ஒருமுறை சிலிர்த்து நின்றன.

எதிர்வீட்டு ராக்கு கஞ்சி கொண்டுவந்தாள். வழி திறந்துதான் கிடந்தது. ஆனால் அவள் கால் உள்ளே வரவில்லை.

"ஏய் செவ்வந்தி, யாரோ பிடிச்சுத் தள்ற மாதிரி இருக்குடி!"

ராக்குவின் மகன் சண்டைக்குப் போய்த் திரும்பாதவன். அந்தத் துக்கத்தை அவள் எங்கே இறக்கி வைத்துவிட்டு வருவாள்?

அடுத்து, அரண்மனைக் கோமாளி அவளைச் சிரிக்கவைக்கக் கரணம் போட்டுக்கொண்டே வந்தான். அவனும் முட்டிக்கொண்டு கீழே விழுந்தான். எழுந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு போனான். துக்கம் இல்லாத மனுஷர் அந்த நாட்டில் ஒருவர்கூட இல்லை.

சரி, நாம் வெளியே போவோம் என்று செவ்வந்தி எழுந்தாள். அவளுக்குள் கிடந்த துக்கம் வேலியில் இடித்தது. அவளாலும் தாண்ட முடியவில்லை. பூசணிக்கொடியிடம் பேசிப் பார்த்தாள். பூசணி என்ன பதில் சொல்லும்? தன் குரலே தனக்கு அந்நியமாகிப்போன ஒரு தனிமை அது. வெளியே மாயாவி மட்டும் தளதளவென்று பெருத்துக்கொண்டே போனான். அவனுக்கு அடுத்தவர் தனிமைதான் சாப்பாடு.

ஒருநாள் பொழுது சாயும் நேரத்தில் மாசிலன் வந்தான். ஊர் எல்லையிலேயே மகள் இறந்த விஷயம் அவனுக்குத் தெரிந்துவிட்டது. ஓடிவந்தவனை வேலி தள்ளியது.

"செவ்வந்தி! என்னை உள்ளே விடு!"

"வர முடியாதுங்க... நானே போட்ட வேலிங்க."

அவள் மாயாவியிடம் வழி கேட்டாள். சிரித்தான். மறுபடி கேட்டாள். வேறு பக்கம் பார்த்தான். மூன்றாந்தரம் கேட்டால் மாயாவி உண்மையைச் சொல்லியே தீரவேண்டும். அவள் மூன்றாந்தரமும் கேட்டாள்.

"'துக்கம் வரட்டும்'னு சொன்னா வேலி விழுந்துரும். ஆனா இதுவரைக்கும் வெளியே நின்ன அத்தனை துக்கமும் உள்ளே வரும், தாங்குவியா? சொல்லலேன்னா, இன்னிக்கு இருட்டினதும் வேலி வானம் வரைக்கும் வளந்துரும். அப்புறம் அவன் குரல்கூட உனக்குக் கேக்காது."

இருக்கிற துக்கத்தையே சுமக்க முடியவில்லை. ஊரார் துக்கமும் சேர்ந்தால் செத்தே போய்விடுவோம் என்று செவ்வந்தி பயந்தாள். வெளியே மாசிலன் மண்ணில் குந்தி, தலையைப் பிடித்துக்கொண்டு குலுங்கினான். அவன் அழுது அவள் பார்த்ததில்லை. அவன் பக்கத்திலும் ஆள் இல்லை.

"துக்கம் வரட்டும்" என்றாள் செவ்வந்தி. "அவரோட சேர்ந்து வரட்டும்."

பலகைகள் சடசடவென்று சரிந்தன. துக்கம் வந்தது. ஆனால் அது தனியாக வரவில்லை. மாசிலனோடு வந்தது, கஞ்சிச் சட்டி ஏந்திய ராக்குவோடு வந்தது, கோமாளியோடு வந்தது. மாயாவி பழையபடி ஒல்லியாகி, வேட்டியைப் பிடித்துக்கொண்டு காட்டுக்குள் ஓடியவன்தான்.

"புள்ள கடைசியா என்ன சொல்லுச்சு?" என்று மாசிலன் கேட்டான்.

"அப்பா வந்துட்டாரான்னு கேட்டா. நாளைக்கு வந்துருவாருன்னு பொய் சொன்னேங்க."

சொல்லும்போதே செவ்வந்திக்கு அழுகை வெடித்தது. மகள் போன பிறகு அன்றுதான் அழுதாள். ராக்கு அவள் தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டாள். மாசிலன் அவள் கையை விடவே இல்லை.

கதை இவ்வளவுதான். கேட்ட உங்கள் வீட்டுக்கும் ஆள் வந்துகொண்டே இருக்கட்டும்.