மடைச்சாவி

தென்காசிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் நாற்பது வருடம் வைத்தியம் பார்த்தவர் டாக்டர் ஞானதிரவியம். காலையில் தோட்டம், பகலில் நோயாளிகள், மாலையில் ஊரின் சரித்திரத்தை எழுதுவது. அவருடைய நாள் அவ்வளவுதான்.

சரித்திரத்தில் ஓர் அத்தியாயம் மட்டும் முடியாமல் கிடந்தது. அவர் அங்கே வருவதற்கு முந்தைய ஐப்பசியில் பெரியகுளம் உடைந்து ஒன்பது பேர் செத்தார்கள். மடைக்காவலர் இசக்கி குடித்துவிட்டுக் கிடந்ததால்தான் மடை திறக்கப்படாமல் கரை உடைந்தது என்பது ஊர்ப் பேச்சு. இசக்கியும் அந்த வெள்ளத்தோடு போய்விட்டதால், இல்லை என்று சொல்ல ஆளில்லை.

இசக்கியின் மகள் சுடலைவடிவு. ரத்தக்கொதிப்பு மாத்திரைக்கு வரும்போதெல்லாம் டாக்டருக்கு ஏதாவது பூச்செடிப் பதியன் கொண்டுவருவாள். ஒருநாள் மனோரஞ்சிதப் பதியனைக் கொடுத்துவிட்டுக் கேட்டாள்:

"எங்கய்யா குடிக்கிறவுக இல்ல டாக்டரய்யா. நெசம் தெரிஞ்சா மறைக்காம எனக்குச் சொல்வியளா?"

"சொல்லுதேம்மா. சத்தியம்."

இரண்டு வருடம் கழித்துப் பண்ணையார் சங்கரநயினார் ஈரல் கெட்டுப் படுத்தார். "ஒண்ணு சொல்லணும். யாருக்கும் சொல்லமாட்டேன்னு மொதல்ல சத்தியம் பண்ணும்" என்றார். ஏதோ நோய் விஷயம் என்று நினைத்து டாக்டர் கையடித்துக் கொடுத்தார்.

"அன்னைக்கு மடையைப் பூட்டினது நான். தொறந்தா என் வயல்ல நட்ட பயிர் முங்கிரும்னு பயம். சாவிக்கு இசக்கி என் காலைப் பிடிச்சான். கொடுக்கல."

மூன்றாம் நாள் பண்ணையார் இறந்தார். டாக்டரால் அதன்பின் ஒரு வரிகூட எழுத முடியவில்லை.

அடுத்த தையில் சுடலைவடிவு படுக்கையில் விழுந்தாள். பார்க்கப் போன டாக்டரிடம், "எதும் தெரிஞ்சிச்சா?" என்றாள்.

அவள் நாடியைப் பார்த்துவிட்டு, "உங்கய்யா குடிக்கல. மடையைத் திறக்கத்தான் பாத்தாரு" என்றார்.

"அப்ப தடுத்தது யாரு?"

டாக்டர் தலைகுனிந்தார். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். மறுநாள் காலையில் உயிர் பிரிந்தது.

"ரெண்டு சத்தியத்துல ஒண்ணும் முழுசா நிக்கலியே" என்று டாக்டர் மனைவியிடம் சொல்லி அழுதார். சரித்திரம் அச்சேறவே இல்லை.

இப்போது நீங்கள் சொல்லுங்கள்: டாக்டர் அந்தப் பெயரைச் சொல்லாமல் விட்டது சரியா?

விடை: சரியில்லை. ஒருவருக்கு எழுதிக் கொடுத்துவிட்ட நிலத்தை இன்னொருவருக்கு எழுதிக் கொடுக்க முடியாது. குளம் உடைந்த உண்மை சுடலைவடிவுக்கு உரியது என்று டாக்டர் முன்பே வாக்குக் கொடுத்தாயிற்று. பண்ணையாருக்குக் கொடுத்த சத்தியம் அவருடைய நோய்க்குச் செல்லும்; இதற்குச் செல்லாது. ஆனால் இந்த நியாயம் டாக்டருக்குத் தெளிவானது, அவளைத் தூக்கிக்கொண்டு போன பிறகுதான்.